ஈச்சரங்களைச் சுற்றப் புறப்படுமுன் மோட்டார் சைக்கிளுக்குச் செய்யவேண்டியவை

பஞ்ச ஈச்சரங்கள் எனப்படும் ஐந்து சிவன் கோயில்களில் ஒன்றான முன்னேஸ்வரத்தில் கும்பிட்டுவிட்டு மற்ற ஈச்சரங்களையும் மோட்டார் சைக்கிளிலேயே பார்த்துவர நினைப்பவர்களுக்கு வழி ஓரளவு நேரானது. சிலாபத்திலிருந்து புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி தாண்டித் திருக்கேதீச்சரம். அங்கிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம், கீரிமலை நகுலேஸ்வரம். பிறகு ஏ9 வீதியில் வவுனியா வரை இறங்கி, ஹொரவப்பொத்தானைப் பக்கமாகத் திருகோணமலைக் கோணேஸ்வரம். ஏ12 வீதியைப் பிடித்துப் புத்தளம் வந்து சிலாபத்துக்கு இறங்கினால் வீடு. மொத்தம் 800 கிலோமீற்றருக்கு மேல் வரும்.

இதற்குப் பெரிய பைக் தேவையில்லை, 100 சீசீ தாராளம். ஆனால் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி திறந்தது. அதனால் நம் பக்கம் ஓடும் பைக்குகளில் பல பழசு, அதிலும் உப்புக்காற்று குடித்த பழசு. சிலாபம் சந்தைக்குப் போய்வரும்போது காட்டாத குறையை அவை வெள்ளாங்குளத்துக்கும் பூநகரிக்கும் நடுவில் காட்டும்.

1. பயணத்துக்கு நல்ல நாள் பார்க்கிறவர்கள், கராஜுக்கு அதற்குப் பத்து நாள் முன்பே நாள் பார்த்துவிடுங்கள். முதல்நாள் பின்னேரம் கொண்டுபோய் விட்டால் பாஸ் ஒயிலை மாற்றி, செயினில் இரண்டு சொட்டு விட்டுத் தந்துவிடுவார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. கழற்றிப் பார்க்கவும், இல்லாத சாமானைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கவும் அவருக்கு நேரம் வேண்டும்.

2. சேர்விஸ் முடிந்த கையோடு தூரப் பயணம் போகாதீர்கள். பின்னால் ஏறப்போகிறவரையும் கட்டப்போகும் பையையும் ஏற்றிக்கொண்டு ஒருநாள் புத்தளம் வரை போய்வாருங்கள். போகவர நூறு கிலோமீற்றர். கராஜில் இறுக்கிய நட்டு எது தளர்கிறது, எங்கே ஒயில் கசிகிறது, எந்தப் பக்கம் பிறேக் உரசிச் சூடாகிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு சில்லுகளின் நடுப்பகுதியையும் கைவைத்துப் பாருங்கள், மெதுவாகத் தொட்டு. ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பிறேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது.

3. டயரின் பள்ளம் தேய்ந்திருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள், வயதை யாரும் பார்ப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கடையில் புதிதாக வாங்கும்போதும் இதைப் பாருங்கள். தட்டில் நெடுங்காலம் கிடந்த டயர் பார்வைக்குப் புத்தம் புதிதாக இருக்கும், இறப்பர் மட்டும் இறுகிப்போயிருக்கும். ஐந்தாறு வருடம் கடந்து, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். டயரை மாற்றும்போது பழைய டியூபையே திரும்பப் போட விடாதீர்கள்.

4. காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பல 100 சீசீ மொடல்களுக்கு முன்சில்லு 25, பின்சில்லு 28. பின்னால் ஆள் ஏறினால் 32 பீஎஸ்ஐ. உங்கள் பைக்குக்குரிய சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். மதிய வெயிலில் தார் வீதியில் ஓடி வந்து அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடக் கூடாது.

5. கம்பிச் சில்லு என்றால் ஒரு சின்ன ஸ்பனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக்கொண்டே சுற்றுங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று கேட்கும். மந்தமாகக் கேட்பது தளர்ந்தது.

6. செயினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நெடுந்தூரத்தில் அதிகம் பாடுபடுவது அதுதான். முழுதாக மூடிய செயின் கவர் உள்ள பைக்குகளில் கவரின் அடியில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கறுப்பு இறப்பர் மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்து, உள்ளே விரலை விட்டுச் செயினை மேலும் கீழும் அசையுங்கள். 25 முதல் 30 மில்லிமீற்றர் வரை ஆடினால் சரி. ஒரே இடத்தில் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சில்லைக் கால்வாசி கால்வாசியாகத் திருப்பி நான்கு இடத்தில் பாருங்கள். ஓர் இடத்தில் தொய்வாகவும் இன்னோர் இடத்தில் விறைப்பாகவும் இருந்தால் செயின் தேய்ந்துவிட்டது. இனி இறுக்குவதில் பயனில்லை. மாற்றுவதானால் முன்னும் பின்னும் உள்ள ஸ்பொக்கட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டால் புதுசும் சீக்கிரம் போய்விடும்.

“தூரம் போகிறேன், நல்லா இறுக்கி விடுங்க பாஸ்” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆளும் பையும் ஏறிப் பின்பக்கம் தாழும்போது செயின் தானாக இன்னும் இறுகும். ஏற்கெனவே விறைப்பாக இருந்தால் பெயரிங்கைத் தின்றுவிடும்.

7. செயினை மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் கழுவித் துடைத்து, கியர் ஒயில் விடுங்கள். ஓடி முடித்துச் செயின் சூடாக இருக்கும் பின்னேரத்தில் விட்டால் இரவோடு இரவாக உள்ளே இறங்கும். புறப்படும் காலையில் விட்டால் பாதி ஒயில் பின்னால் இருப்பவரின் காற்சட்டையில்தான்.

8. பக்கத்து மூடியைத் திறந்து பற்றரியைப் பாருங்கள். சிலாபம், உடப்பு, கற்பிட்டிப் பக்கத்து வண்டிகளில் அநேகமாக அதன் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். முதலில் மறை முனையையும் பிறகு நேர் முனையையும் கழற்றி, சுடுநீரில் நனைத்த பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்டி, மேலே வசலீன் பூசுங்கள். பூட்டும்போது நேர் முனை முதலில். அங்கேயே பியூஸ் பெட்டியும் இருக்கும். உள்ளே மாற்றுப் பியூஸ் ஒன்று கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட்டுக்குப் போகும் வயர் இணைப்பிலும் இதே பூப்பு வரும். விளக்கு மங்கலாக இருந்தால் பல்பைக் குறைசொல்லுமுன் அந்த இணைப்பைச் சுத்தம் செய்யுங்கள்.

9. பின்னால் ஆள் ஏறினால் பின்பக்கம் தாழும், ஹெட்லைட் மேலே பார்க்கும். எதிரே வரும் பஸ்காரருக்குக் கண் கூசும், உங்களுக்கோ குழி தெரியாது. ஆளை ஏற்றிவைத்தே வீட்டு மதிலில் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

10. பிறேக். டிரம் பிறேக் உள்ள பல பைக்குகளில் சில்லின் பக்கத்தட்டில் ஓர் அம்புக்குறியும், அது காட்டும் எல்லைக் கோடும் இருக்கும். பிறேக்கை மிதிக்கும்போது அம்பு கோட்டைத் தொட்டால் ஷூ முடிந்தது என்று அர்த்தம். முன்னால் டிஸ்க் என்றால் சின்னக் கிண்ணத்தின் கண்ணாடி வழியே திரவத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருக்கவேண்டியது தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தால் மாற்றும் காலம் கடந்துவிட்டது.

11. கிளச் கேபிள் அறுவது பெரும்பாலும் கைப்பிடிப் பக்க நுனியில். லீவரை அழுத்திக்கொண்டு அந்த நுனியை டோர்ச் அடித்துப் பாருங்கள். ஓர் இழை நிமிர்ந்து நின்றாலும் மாற்றுங்கள். புதுக் கேபிள் ஒன்றைப் பழையதன் அருகிலேயே ஓட்டி, டேப் சுற்றி வைத்துவிடுவது பழைய ஆட்கள் செய்யும் வேலை. வழியில் அறுந்தால் தாங்கியைக் கழற்றாமல் இரண்டு நுனியையும் மாட்டினால் போதும். அக்சிலேட்டர் கேபிளுக்கும் இப்படிச் செய்யலாம்.

12. என்ஜின் ஒயிலைப் புதிதாக மாற்றிக்கொண்டு போங்கள். அதைவிட முக்கியம், வழியில் தினமும் காலையில் அளவு பார்ப்பது. இந்த என்ஜின்களுக்கு மொத்தமே ஏறக்குறைய ஒரு லீற்றர்தான். பழைய என்ஜின் அதில் கால் லீற்றரைக் குடித்துவிட்டால் மிச்சத்தின்மேல் விழும் சுமையை நினைத்துப் பாருங்கள். அதே ரக ஒயில் கொஞ்சம் போத்தலில் இருக்கட்டும்.

13. எயார் பில்டர்: மன்னார்ப் பக்கத் தூசுக்குச் சுத்தமானதோடு போனால்தான் சமாளிக்கும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், நுனி காய்ந்த மண்ணிறமாக இருந்தால் நல்லது. புதுப் பிளக் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள்.

14. பெற்றோல். 100 சீசீ பைக் லீற்றருக்கு 50 கிலோமீற்றர் தாண்டும் என்பதால் பயம் வேண்டியதில்லை. 2022 தட்டுப்பாட்டில் வாரத்துக்கு 4 லீற்றர் கோட்டாவில் ஓட்டிய நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. ஆனாலும் மன்னாரிலிருந்து பூநகரி போகும் ஏ32 வீதியில் ஊர்கள் தள்ளித்தள்ளித்தான் வரும். மன்னாரில் நிரப்பிக்கொண்டே ஏறுங்கள். பழைய பைக் என்றால் புறப்படுமுன்னே ஒருமுறை றிசேர்வில் திருப்பி ஓட்டிப் பாருங்கள். பல வருடம் திருப்பாத குழாய் இறுகிப்போயிருக்கும். திரும்பினாலும் தாங்கியின் அடியில் கிடக்கும் துருவெல்லாம் காபரேட்டருக்குள் வந்து இறங்கும். அந்தக் கூத்து வீட்டு முற்றத்தில் நடக்கட்டும். பெற்றோலை பிளாஸ்ரிக் போத்தலில் நிரப்பிப் பையில் வைப்பது கூடவே கூடாது.

15. சாமான் பொதி சிறிதாக இருக்கட்டும்: பிளக் ஸ்பனர், 10, 12, 14, 17 ஸ்பனர்கள், குறடு, ஸ்குறூ டிரைவர், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், பிளாஸ்ரிக் டை, ஹெட்லைட் பல்ப், செயின் லொக். இரண்டு சில்லுக்கும் ஒவ்வொரு டியூப். ஒட்டுப்போடும் கடை எந்தச் சந்தியிலும் அகப்படும். உங்கள் அளவில் டியூப் அகப்படும் என்று நம்ப முடியாது. அலங்காரச் சாமான் எதற்கும் காசு செலவழிக்காதீர்கள், அந்தக் காசு டயருக்கு.

16. பாரத்தைத் தாழ்வாகவும், முடிந்தவரை நடுவிலும் கட்டுங்கள். பின் கரியரில் உயர்த்திக் கட்டிய பை சங்குப்பிட்டிப் பாலத்தில் உங்களைத் தள்ளாடவைக்கும். ஆனி, ஆடி மாதச் சோளகக் காற்று அந்த வெளியில் பக்கவாட்டாக அடிக்கும். லொறி ஒன்று கடந்து போனதும் ஒரு நொடி காற்று நின்று, மறு நொடி திரும்ப அறையும். பையின் வார் நுனிகளை மடித்துக் கட்டுங்கள், சில்லில் சிக்குவது அவைதான்.

17. கோயிலுக்குப் போகிறோம் என்று வீட்டிலிருந்தே சேலையோடும் வேட்டியோடும் ஏறாதீர்கள். சேலைத் தலைப்பும் சால்வையும் செயினில், கம்பியில் சிக்கி உயிரையே எடுத்திருக்கின்றன. காற்சட்டையோடு போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம். சேலைதான் என்றால் பின்சில்லுக்கு மறைப்புத் தட்டு இல்லாமல் யாரையும் ஏற்ற வேண்டாம். ஹெல்மட்டுக்கு உள்ளே கட்ட ஒரு பருத்தித் துணி இருந்தால் மதவாச்சி வெயில் பாதி குறையும்.

18. முன்னேஸ்வரத்தில் பூசை செய்து எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்படுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. மாலையை மட்டும் கோயில் வாசலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கைப்பிடியில் சுற்றிய மாலை நார் கேபிளில் சிக்கினால் ஹாண்டில் முழுதாகத் திரும்பாது. ஹெட்லைட்டையும் மறைக்கும்.

19. பத்திரங்கள்: சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்று. வருமான அனுமதி எந்தத் திகதியில் முடிகிறது என்று பாருங்கள்; புதுப்பிக்கப் புகைப் பரிசோதனையும் வேண்டும் என்பதால் அது ஒருநாள் வேலை. ஒரு துண்டில் உங்கள் இரத்த வகையையும் வீட்டு எண்ணையும் எழுதிப் பர்ஸில் வையுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119.

20. நேரத்தைக் கணக்கிடும்போது யானையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். புத்தளம்–அநுராதபுரம் வீதியில் கருவலகஸ்வெவப் பக்கம் வில்பத்துக் காட்டோரம். திருகோணமலையிலிருந்து திரும்பும்போது மாலை 5 மணிக்குள் அதைத் தாண்ட முடியாது என்றால் அநுராதபுரத்திலேயே படுத்துவிடுங்கள். யானை வீதியில் நின்றால் தூரத்திலேயே பைக்கைத் திருப்பி நிறுத்திக் காத்திருங்கள். ஹோர்ன் வேண்டாம், லைட்டை அடித்துக் காட்டவும் வேண்டாம். எலுவன்குளம் வழியாக மன்னாருக்குக் குறுக்குப் பாதை உண்டென்று யாராவது சொல்வார்கள். அது வில்பத்துத் தேசியப் பூங்காவுக்குள் போவது, உங்கள் திட்டத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

21. மார்கழி மழையில் இந்தச் சுற்று வேண்டாம். கலா ஓயாப் பக்கமும் தெதுறு ஓயாப் பக்கமும் வெள்ளம் வீதியில் ஏறும். போயே ஆகவேண்டும் என்றால் முதல்நாள் அந்தந்த ஊரில் தெரிந்தவர்களைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். தண்ணீர் ஓடும் வீதியில் பைக்கை இறக்கக் கூடாது.

22. ஐந்தாவது ஈச்சரமான தொண்டேஸ்வரம் தென்கோடியில், மாத்தறைக்கு அப்பால் தெவிநுவரவில் இருந்தது. 1588இல் போர்த்துக்கேயர் இடித்த கோயில். அதையும் இதே பயணத்தில் சேர்க்காமல் இன்னொரு தடவைக்கு வையுங்கள். அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லாததால் கொழும்பு நெரிசலைக் கடந்து காலி வீதியில்தான் போகவேண்டும். அதற்குள் வடக்குச் சுற்றில் ஒட்டிய உப்பையும் தூசையும் நல்ல தண்ணீரால் கழுவி, செயினுக்கு ஒயில் விட்டு, அந்தக் கறுப்பு மூடியைத் திறந்து தொய்வை மறுபடி பார்த்துவிடுங்கள். புதுச் செயின் முதல் ஆயிரம் கிலோமீற்றரில் கொஞ்சம் நீளத்தான் செய்யும்.