கருப்பின் மறுமொழி

சதுரங்கத்தில் முதல் நகர்வு வெள்ளைக்கு உரியது. அந்த முன்னுரிமையைப் பெருக்கிக்கொள்ளும் பொருட்டு, ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயை எதிரியின் வெட்டுக்கு வைப்பது ‘காம்பிட்’ எனப்படும். காலை இடறிவிடுதல் என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. கோவை ஆர்.எஸ்.புரத்துக் கடைவீதியில் ‘இலவசம்’ என்னும் பலகையைக் கண்டதும் விலையை விசாரிப்பவர் உண்டு. கருப்புக் காய்களுடன் அமர்பவரும் அவ்வாறே விசாரித்தல் வேண்டும். சிப்பாய்க்கு ஈடாக வெள்ளை பெறுவது யாது? பெரும்பாலும் காலமும் இடமுமே.

‘அரசி காம்பிட்’டை எடுத்துக்கொள்வோம். வெள்ளை டி4, கருப்பு டி5, வெள்ளை சி4. இச்சிப்பாயைக் கருப்பு வெட்டலாம், அது தவறன்று. வெட்டிப் பெற்றதை எவ்வாறேனும் காத்துவிட முயல்வதே தவறு. வெள்ளை ஈ3 என நகர்த்தும்போது, கருப்பு பி5 எனக் காவல் வைத்தால், வெள்ளை ஏ4 என அக்காவலைத் தாக்கும். கருப்பு சி6 எனத் தாங்கினால், பி5 கட்டத்தில் வெட்டும் மறுவெட்டும் நிகழும். அடுத்து வெள்ளை அரசி எஃப்3 கட்டத்தில் வந்து நிற்கும். அங்கிருந்து மூலைவிட்டப் பாதை தடையின்றி ஏ8 வரை செல்கிறது. அங்கே கருப்பின் கோட்டை நிற்கிறது! அதனைக் காக்க வேண்டுமாயின் குதிரை போன்ற வேறொரு காயை இழக்க நேரும். ஆகவே, சிப்பாயை உரிய நேரத்தில் திருப்பிக் கொடுத்து, அதற்குள் தம் காய்களை வெளிக்கொணர்வதே தேர்ந்தவர் வழக்கம்.

வெட்டாமல் மறுப்பது மற்றொரு வழி. கருப்பு ஈ6 என நகர்த்தி மையத்தைத் தாங்குகிறது. ஆயினும் காய்கள் நெருக்கடியில் நிற்கும். இந்நெருக்கடியைத் தீர்க்க, ஜெர்மானிய உலக வாகையர் இமானுவேல் லாஸ்கர் பெயரால் வழங்கும் ஒரு தற்காப்பு உண்டு. குதிரையை ஈ4 கட்டத்தில் நிறுத்திக் காய்களைப் பரிமாறிக்கொள்ளும் முறை அது.

2010ஆம் ஆண்டு மே 11 அன்று, பல்கேரியத் தலைநகர் சோபியாவில் உலக வாகையர் போட்டியின் பன்னிரண்டாம் ஆட்டம் நடைபெற்றது. இருவரும் 5.5 புள்ளிகளுடன் நின்றனர். வெள்ளை, சொந்த மண்ணில் ஆடிய வெசலின் தோபலோவுக்கு. கருப்பு, மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்துக்கு. தோபலோவின் அரசி காம்பிட்டை மறுத்த ஆனந்த், ஏழாம் நகர்விலேயே லாஸ்கரின் வழியில் குதிரையை ஈ4க்குக் கொணர்ந்தார். அமைச்சர்களும் குதிரைகளும் பரிமாறப்பட்டன, நெருக்கடி தணிந்தது.

31ஆம் நகர்வில் வெள்ளை, எஃப்5 கட்டத்துச் சிப்பாயை வெட்டியது. ஆனந்த் திரும்ப வெட்டவில்லை. இன்னொரு சிப்பாயை ஈ4க்குத் தள்ளி வெட்டுக்கு வைத்தார். காம்பிட்டை மறுத்தவரே இப்போது சிப்பாயை நீட்டுகிறார். தோபலோவ் அதனையும் வெட்டினார். அரசனுக்கு முன் நின்ற காவல் அகன்றது. கருப்பு அரசி ஈ4இல் வெட்டி முற்றுகையிட, வெள்ளை அரசன் எச்3க்கு ஓடினான். ஆனந்த் 6.5–5.5 என்னும் கணக்கில் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.