பழைய மடிக்கணினிக்கு இலேசான முகப்பு: லினக்ஸ் மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி எல்லாம் கேட்கும். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. அதன் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகளில் டிபிஎம் 2.0 இருக்க வாய்ப்பே இல்லை. அண்ணன் படித்து முடித்து, இப்போது தங்கையின் கைக்கு வந்திருக்கும் அப்படிப்பட்ட மடிக்கணினிகள் எங்கள் தளவாய்புரத்தில் பல வீடுகளில் உண்டு. பலருக்கு அதுதான் முதல் கணிப்பொறி. அதைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப வேண்டாம்.

லினக்ஸ் நமக்குப் புதிதும் அல்ல. அந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-இல் வெளியிட்டது அது.

இந்தப் பாடத்தில், லினக்ஸ் மின்ட் 22 சின்னமன் பதிப்பை ஏற்கெனவே நிறுவியிருக்கிறீர்கள், ஆனால் அது மெதுவாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் மின்ட் நிறுவப் போகிறீர்களா? நேரடியாக அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையே டவுன்லோடு செய்யுங்கள். உங்களுக்கு அழகுபடுத்தும் பகுதி மட்டும் போதும்.

டெஸ்க்டாப் சூழல் என்றால் என்ன?

விண்டோஸில் ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் எல்லாம் சிஸ்டத்தோடு ஒட்டியே வரும். லினக்ஸில் அவை தனி. எங்கள் ஊர் நைட்டி தையலுக்குப் பேர் போனது. அதனால் இப்படிச் சொல்கிறேன்: ஆள் ஒருவர்தான், உடை மட்டும் மாறுகிறது. உங்கள் ஃபைல்கள், புரோகிராம்கள், பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே இருக்கும். சின்னமன் கொஞ்சம் கனமான உடை. எக்ஸ்எஃப்சிஇ இலேசானது. ஒலிவியே ஃபூர்தான் என்பவர் 1996-இல் இதைத் தொடங்கினார். இதன் சின்னம் ஒரு எலி.

முதலில் அளந்து பாருங்கள்

கணிப்பொறியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேறு எதையும் திறக்காமல் சிஸ்டம் மானிட்டரைத் திறந்து, ரிசோர்சஸ் பகுதியில் மெமரி எவ்வளவு செலவாகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அடுத்து டைம்ஷிஃப்ட் புரோகிராமைத் திறந்து கிரியேட் பட்டனை அழுத்துங்கள். ஏதாவது தவறானால் சிஸ்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இது உதவும். உங்கள் படங்களையும் கடிதங்களையும் டைம்ஷிஃப்ட் சேமிக்காது. அவற்றைப் பென் டிரைவில் தனியாக நகல் எடுங்கள்.

நிறுவும் முறை

1. மெனுவில் சினாப்டிக் பேக்கேஜ் மேனேஜரைத் திறந்து பாஸ்வேர்டு கொடுங்கள்.

2. சர்ச் பட்டனை அழுத்தி எக்ஸ், எஃப், சி, இ, 4 ஆகிய ஐந்தையும் இடைவெளி இல்லாமல், சிறிய ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யுங்கள். நீளமான பட்டியல் வரும். அதில் சரியாக இந்தப் பெயர் மட்டும் உள்ள வரியில் வலது கிளிக் செய்து, மார்க் ஃபார் இன்ஸ்டலேஷன் கொடுங்கள். துணைப் பேக்கேஜ்களையும் சேர்க்கலாமா என்று கேட்டால் சம்மதியுங்கள்.

3. அதே பட்டியலில், அந்தப் பெயருடன் ஒரு சிறு கோடும் குடீஸ் என்ற சொல்லும் சேர்ந்த பேக்கேஜையும் மார்க் செய்யுங்கள். பயனுள்ள சிறு கருவிகள் இதில் உள்ளன.

4. அப்ளை பட்டனை அழுத்துங்கள். எத்தனை எம்பி டவுன்லோடு ஆகும் என்று அங்கேயே காட்டும். மொபைல் டேட்டாவில் இணைப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

5. முடிந்ததும் லாக் அவுட் செய்யுங்கள். லாகின் திரையில் உங்கள் பெயருக்கு அருகே சிறு சின்னம் ஒன்று இருக்கும். அதைக் கிளிக் செய்து எக்ஸ்எஃப்சிஇ செஷனைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போங்கள்.

பிடிக்கவில்லையா? கவலை வேண்டாம். அதே சின்னத்தில் சின்னமனைத் தேர்ந்தெடுத்தால் பழைய முகப்பு திரும்பிவிடும். அதனால் சின்னமனை அவசரப்பட்டு நீக்காதீர்கள். மெனுவில் சில புரோகிராம்கள் இரண்டிரண்டாகத் தெரியும். நெமோவும் துனாரும் ஃபைல்களைப் பார்க்கத்தான். எது வசதியோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள்

பட்டை: திரையின் மேலே ஒரு பட்டையும் கீழே ஒரு பட்டையும் இருக்கும். பட்டையின் காலி இடத்தில் வலது கிளிக் செய்து, பேனல் வழியாகப் பேனல் பிரிஃபரன்சஸ் செல்லுங்கள். பேனல் 2-ஐத் தேர்ந்தெடுத்துக் கழித்தல் குறியை அழுத்தினால் கீழ்ப் பட்டை போய்விடும். பிறகு பேனல் 1-இல் லாக் பேனல் டிக்கை எடுத்துவிட்டு, பட்டையின் ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுங்கள். மறுபடியும் டிக் செய்யுங்கள். விண்டோஸ் பழகிய கைக்கு இது எளிது.

மெனு: அதே விண்டோவில் ஐட்டம்ஸ் பகுதிக்குப் போய் விஸ்கர் மெனுவைச் சேருங்கள். பெயரை டைப் செய்து புரோகிராமைத் தேடலாம்.

எழுத்து: செட்டிங்ஸ் மேனேஜரில் அப்பியரன்ஸ், அதில் ஃபான்ட்ஸ். வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தினால் அளவைக் கூட்டுங்கள்.

வேகம்: விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் கம்பாசிட்டர் பகுதிக்குச் சென்று டிக்கை எடுங்கள். நிழல், ஒளிபுகும் தன்மை போன்ற அலங்காரங்கள் நிற்கும். வீடியோ கிழிந்தது போல் தெரிந்தால் திரும்ப டிக் செய்துவிடுங்கள்.

தொடக்கம்: செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்பில் அப்ளிகேஷன் ஆட்டோஸ்டார்ட் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு தையல் கூடத்தில் 2 ஜிபி ரேம் உள்ள கணிப்பொறியில் லிப்ரே ஆபீஸில் பில் போடுகிறார்கள். அவர்களுக்கு நான் புளூடூத்தை நிறுத்தினேன். பிரிண்டரையும் நெட்வொர்க்கையும் தொடவில்லை. இப்படி வேலைக்கு எது தேவை என்று பார்த்து முடிவு செய்யுங்கள். என்னவென்று தெரியாததைத் தொடாதீர்கள்.

இதனால் தீராதவை

இப்போது ரீஸ்டார்ட் செய்து அதே சிஸ்டம் மானிட்டரில் மீண்டும் அளந்து, தாளில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். மிச்சமான மெமரி உங்கள் வேலைக்குக் கிடைக்கும். ஆனால் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் எந்த முகப்பும் காப்பாற்றாது. அங்கே முகப்பைவிடப் பிரவுசர்தான் அதிக மெமரி கேட்கும். இரண்டு, மூன்று டேப்களோடு பழகுங்கள். அதற்கு மேலும் வேகம் வேண்டுமானால் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதும், ரேம் கூட்டுவதும்தான் வழி. புதுக் கணிப்பொறிக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன் இந்த முகப்பை ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்பு மேம்பாடுகள் கிடைக்கும். தங்கை பள்ளிப்படிப்பை முடிக்க அது போதும்.