பக்ரா அணை

சட்லஜ் ஒரு பெரிய ஆறு. இமயமலையைக் கடந்து பஞ்சாபுக்குள் வருகிறது. மழைக்காலத்தில் ஆறு பெருகும். வெள்ளம் வயல்களை அழிக்கும். மழை ஓய்ந்தால் நீர் குறையும். பயிர் வாடும்.

இந்த நீரைத் தேக்கி வைக்க ஓர் அணை கட்டினார்கள். அதுதான் பக்ரா அணை. இது இமாசலப் பிரதேசத்தில் உள்ளது. 1963 அக்டோபர் 22 அன்று பிரதமர் நேரு இதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

அணையின் உயரம் சுமார் 226 மீட்டர். இது கான்கிரீட்டால் ஆனது. சிமெண்டு, மணல், ஜல்லி, நீர் சேர்ந்ததே கான்கிரீட். அணையின் உச்சி சுமார் 9 மீட்டர் அகலம். அடிப்பகுதியோ சுமார் 190 மீட்டர் அகலம். தேங்கிய நீர் அணையைத் தள்ளும். அணை நகராது. அதன் எடையே அதைத் தாங்கி நிறுத்துகிறது.

அணையால் என்ன பயன்?

1. பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் வயல்களுக்கு நீர் பாய்கிறது.
2. விழும் நீர் சக்கரங்களைச் சுழற்றுகிறது. மின்சாரம் கிடைக்கிறது.
3. வெள்ளத்தின் வேகம் குறைகிறது. ஆனால் பெருமழை பெய்தால் நீரைத் திறந்துவிட நேரும். அப்போது கரையோர மக்கள் விழிப்புடன் இருக்க வேண்டும்.

அணைக்குப் பின்னே உள்ள ஏரியின் பெயர் கோவிந்த சாகர். பழைய பிலாஸ்பூர் நகரம் அதில் மூழ்கியது. பல கிராமங்களும் மூழ்கின. மக்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டுச் சென்றார்கள். மேட்டில் புதிய பிலாஸ்பூர் எழுந்தது. நீர் குறையும்போது பழைய கோயில்கள் வெளியே தெரியும்.

பலர் வயலில் பயிர் விளைந்தது. அதற்காகச் சிலர் தம் ஊரையே கொடுத்தார்கள். அவர்களை மறக்கலாமா?

விடை கூறுங்கள்:

1. அணை எப்படி நகராமல் நிற்கிறது?
2. அணைக்காக ஊரை இழப்பவர்களுக்கு என்னென்ன செய்து தர வேண்டும்?