அடுப்புக்கு விறகு, வயலுக்கு எரு

கமக்காரர் வீட்டின் அடுப்பில் எதனை எரிப்பது என்பது வயலின் விளைவையும் பாதிக்கும். விறகு அருகிய இடங்களிற் சாணத்தை வறட்டியாகத் தட்டி எரிப்பதுண்டு. அவ்வாறு எரிக்கும்போது சாணத்திலுள்ள நைதரசனும் சேதனப் பொருளும் புகையோடு போய்விடுகின்றன. பொற்றாசியம், பொசுபரசு முதலியன மாத்திரம் சாம்பலில் எஞ்சும். இழந்த நைதரசனைப் பின்னர் பணங் கொடுத்து வாங்க நேரிடும்.

பணமிருந்தும் வாங்க முடியாத காலமும் வருவதுண்டு. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2022ஆம் ஆண்டில் சமையல் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. ஆதலால், எருவும் எரிபொருளும் இயன்றளவு சொந்த வளவிலேயே கிடைக்க வழி செய்தல் வேண்டும்.

வேலி தரும் பயன்

சீமைக்கிளுவை இதற்கு மிகவும் உகந்தது. இலங்கை அரசு 2005ஆம் ஆண்டில் இதனை நான்காவது பெருந்தோட்டப் பயிராக ஏற்றுக்கொண்டது. முற்றிய தடிகளை நாலு அல்லது ஐந்து அடி நீளத்திற்கு வெட்டிக் காலபோக மழையின் தொடக்கத்தில் கதியாலாக நடுக. ஏறத்தாழ ஓராண்டின் பின்னர் வெட்டத் தொடங்கலாம். அதன்பின் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வெட்டலாம். குழையை நடுகைக்கு இரு வாரங்களுக்கு முன் வயற் சேற்றில் மிதித்தால் நைதரசன் நிறைந்த பசுந்தாட் பசளையாகும். தடி அடுப்புக்கு உதவும்.

விறகைப் பயன்படுத்தும் முறை

1. பச்சை விறகின் நிறையில் ஏறத்தாழப் பாதி நீராகும். அந்நீரை ஆவியாக்குவதிலே வெப்பம் வீணாகும், புகையும் மிகும். ஆகவே விறகைப் பிளந்து, மழை படாத இடத்தில் அடுக்கி, நன்கு உலர்த்துக.

2. மூன்று கல் அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி வெளியே போய்விடும். ஒரே தீயில் இரு பானைகளைச் சூடாக்கும் ‘அனகி’ மண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும்.

3. விறகுப் புகை சமைக்கும் பெண்களுக்கும் அருகிலிருக்கும் குழந்தைகளுக்கும் சுவாச நோய்களை உண்டாக்கும். அடுக்களையிற் புகைபோக்கியோ, புகை வெளியேறத்தக்க திறப்போ இருத்தல் அவசியம்.

4. சாம்பலை நனையாமற் சேமித்துத் தோட்டத்திற்கு இடுக. அதனை எருக்கும்பத்துடனோ யூரியாவுடனோ கலத்தலாகாது. கலந்தால் நைதரசன் ஆவியாகி இழக்கப்படும்.

மாடுகளைக் கட்டி வளர்ப்போர் சாண எரிவாயுக் கலம் அமைத்தால், வாயு அடுப்புக்கு உதவும். எஞ்சும் கரைசலில் நைதரசன் அழியாதிருப்பதால் அது பயிருக்கு நல்ல எருவாகும்.

வேலித் தடி அடுப்புக்கும், குழையும் சாணமும் மண்ணுக்கும் போய்ச் சேருமாயின், வீட்டுச் செலவு குறையும். நிலத்தின் வளமும் நிலைக்கும்.