குடிலுக்குள் குடைமிளகாய்

கேள்வி: பசுமைக்குடில் போட்டுக் குடைமிளகாய் வைக்கலாம் என்கிறார்கள். திறந்த வயலைவிட அதில் அப்படி என்ன லாபம்?
– ஒரு வாசகர், தருமபுரி

பதில்: பெரிய லாபம் காலம்தான். சிவப்பு, மஞ்சள் காய்கள் செடியிலேயே பழுத்து நிறம் மாற வேண்டும். வெளியில் அதற்குள் வெயில் சுட்டுவிடும், அல்லது மழையில் அழுகிவிடும். குடிலுக்குள் செடியைக் கயிற்றில் ஏற்றிக் கட்டிப் பல மாதங்கள் தொடர்ந்து பறிக்கலாம். இலை நனையாததால் அழுகல் நோய்கள் குறையும். பூச்சிவலை வெள்ளை ஈயைப் பெருமளவு தடுக்கும். இலைப்பேன் என்னவோ எப்படியாவது நுழைந்துவிடும்! சொட்டுநீரிலேயே உரம் போவதால் இரண்டும் வீணாகாது.

ஓசூர் ரோஜா விவசாயிகளைப் பாருங்கள். பிப்ரவரி 14-க்குப் பூ வேண்டுமென்றால் டிசம்பரிலேயே கவாத்து செய்துவிடுகிறார்கள். சந்தை கேட்கும் நாளில் பூக்க வைப்பது, என் கணக்கில், கூடுதல் மகசூலைவிடப் பெரிது.

ஆனால் ஓசூரின் குளிர்ச்சி உங்களுக்கு இல்லை. கூரையை உயர்த்தி, உச்சியில் காற்றுப்போக்கி வைக்காவிட்டால் சித்திரை வெயிலில் பூ உதிரும். மானியம் கிடைக்கிறதே என்று முழு ஏக்கரிலும் இறங்காதீர்கள். முதலில் 25 சென்ட் போதும். மண்ணில் நூற்புழு இருக்கிறதா என்று பரிசோதித்துவிட்டுக் கம்பம் நடுங்கள்.