ஒரே கதையை எத்தனை தடவைதான் வாசிப்பது?

கேள்வி: எனக்கு எட்டு வயதில் மகன், நாலு வயதில் மகள். சோறு ஊட்டவும் செல்போன், தூங்க வைக்கவும் செல்போன் என்றாகிவிட்டது. இதை மாற்ற, ராத்திரியில் கதைப் புத்தகம் வாசிக்க ஆரம்பித்தேன். மகள் தினமும் ஒரே புத்தகத்தை நீட்டுகிறாள். மகன் 'போர்' என்று எழுந்து போகிறான். ஹாலில் மாமியாரின் சீரியல் சத்தம் வேறு. இது பழக்கமாகுமா?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: மகள் ஒரே புத்தகத்தை நீட்டுகிறாளா? சந்தோஷப்படுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொண்டே காத்திருப்பதில்தான் அந்த வயதின் சுகம். சொற்கள் மனசில் படிவதும் அப்படித்தான். வேண்டுமென்றே ஒரு வரியை மாற்றி வாசித்துப் பாருங்கள், சண்டைக்கு வருவாள். சீக்கிரமே பக்கத்தைப் புரட்டி உங்களுக்கே 'வாசித்து'க் காட்டுவாள்.

தங்கச்சியின் படப் புத்தகம் மகனுக்கு எப்படிப் பிடிக்கும்? அவனுக்கு விக்கிரமாதித்தன்-வேதாளம் கதைகளை எடுங்கள். அம்புலிமாமா பத்திரிகை படித்து வளர்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: கதை முடியும் இடத்தில் வேதாளம் ஒரு கேள்வி போடும். அங்கே புத்தகத்தை மூடிவிடுங்கள். விக்கிரமாதித்தனின் பதிலை மறுநாள் வாசிக்கலாம். அதற்குள் மகன் தன் பதிலைச் சொல்லட்டும். தப்பாக இருந்தால் திருத்த வேண்டாம். 'கதையின் நீதி என்ன?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பள்ளிக்கூட வாசனை அடித்துவிடும்.

இரண்டு முதல் நாலு வயதுக் குழந்தைக்குத் திரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கதை சொல்லவும் புத்தகம் வாசிக்கவும் அதுவே பரிந்துரைக்கிறது. அதற்காகப் போனைப் பிடுங்கிய கையோடு புத்தகத்தைத் திணித்தால் புத்தகமே தண்டனையாகிவிடும். நடுவில் பல் தேய்ப்பது, பாய் விரிப்பது என்று ஏதாவது வரட்டும். சாப்பாட்டு நேரப் போனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் போன் அடுத்த அறையில் சார்ஜில் கிடக்கட்டும்.

மாமியாரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். சீரியல் முடிந்ததும், "அத்தை, இன்னைக்கு நீங்க ஒரு கதை சொல்லுங்க" என்று கேளுங்கள். உங்கள் பக்கத்து இடைசெவல்காரர், எழுத்தாளர் கி.ரா. திரட்டிய நாட்டுப்புறக் கதைகள் இப்படிப்பட்டவர்கள் வாயிலிருந்து வந்தவைதானே! (அவருடைய 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' நூலைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.) புத்தகத்துக்குக் கிளை நூலகம் இருக்கிறது. வாங்குவதென்றால் துளிகா, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகளைப் பாருங்கள்.

அதுசரி, கடிதத்தில் உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே? ஞாயிற்றுக்கிழமை வாசிப்பை அவர் தலையில் கட்டுங்கள்.