பின்கட்டுக்குத் தனி டிபி பெட்டி: கம்பிக்கேற்ற பிரேக்கர்



சுகாதாரப் பகுதியில் கரண்டு வேலைக்கு என்ன இடம் என்று கேட்பீர்கள். கரண்டு சுட்ட புண்ணும் வீட்டில் பிடிக்கும் தீயும் சுகாதாரத்தைச் சேர்ந்தவைதானே.

லயத்து வீட்டுக்குப் பின்னால் இறக்கிக் குசினி கட்டுகிறோம். ஐஸ்பெட்டி, ரைஸ் குக்கர், வாஷிங் மெஷின் எல்லாம் அங்கே போய்விடுகின்றன. எல்லாவற்றையும் ஒரே லைனில் மாட்டினால் பிரேக்கர் விழத்தான் செய்யும். உடனே பக்கத்து வீட்டு அண்ணன், "இருபதைக் கழட்டிட்டு முப்பத்திரண்டு போட்டுடு, அப்புறம் விழாது" என்பார். இதைவிடக் கெட்ட யோசனை இல்லை.

பிரேக்கர் காப்பது சுவரில் ஓடும் கம்பியை. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 20 ஆம்ப்ஸ்தான் பொருத்தம். அதில் 32 போட்டால் பிரேக்கர் விழாது, கம்பி சூடேறி உறை உருகும். நீங்கள் தூங்கும்போது பலகையில் தீப்பிடிக்கும்.

சரி, பின்கட்டுக்குத் தனிப் பெட்டி வைப்பதென்றால் எவ்வளவு வேண்டும்? ஒவ்வொரு சாமானின் பின்னாலும் வாட்ஸ் எழுதியிருக்கும். கூட்டிப் பாருங்கள். கெட்டில் 2000, அயர்ன் 1000, ரைஸ் குக்கர் 700, வாஷிங் மெஷின் 500, ஐஸ்பெட்டி 150, மொத்தம் 4350. நம் நாட்டு 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 19 ஆம்ப்ஸ். இருபதுக்குள் அடங்குகிறதே என்று நினைக்க வேண்டாம். நாளைக்கு இன்னொரு சாமான் வரும். மெயின் பெட்டியில் 32 ஆம்ப்ஸ் பிரேக்கர், அங்கிருந்து பின்கட்டுக்கு 6 சதுர மில்லிமீட்டர் கம்பி, கூடவே எர்த் கம்பி. கம்பியைச் சுவரோரமாகக் கொண்டு போகச் சொல்லுங்கள். தகரக் கூரைக்கு அடியில் போனால் அந்தச் சூட்டில் கம்பியின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். அப்போது 10 போட வேண்டிவரும். சுடுதண்ணீர் ஹீட்டர் ஒன்றே 3600 வாட்ஸ் இழுக்கும். அதற்கு மெயினிலிருந்து தனி லைன் இழுப்பது நல்லது.

ஒன்று மறக்கக்கூடாது. வீட்டுக்கு வரும் மொத்த சப்ளையே 30 ஆம்ப்ஸ் என்றால் பெட்டி வைத்ததால் கரண்டு கூடிவிடாது. முதலில் தோட்ட ஆபீசில் கேட்டு அனுமதி வாங்குங்கள். வேலையைச் சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற வயர்மேனிடம் கொடுங்கள். கொஞ்சம் காசு கூடத்தான், பரவாயில்லை.

அப்படியானால் மனுசனைக் காப்பது எது? ஆர்.சி.சி.பி. என்ற கருவி. 60 வாட்ஸ் பல்பு இழுப்பது சுமார் 260 மில்லி ஆம்ப்ஸ். 30 மில்லி ஆம்ப்ஸுக்குச் சற்று மேல் நெஞ்சு வழியாகப் போனாலே உயிர் போகலாம். 20 ஆம்ப்ஸ் பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது. பின்கட்டுத் தரை எப்போதும் ஈரம். அப்படிப்பட்ட இடங்களுக்கு 1994-ஆம் ஆண்டு மின்சார விதிகள் சொல்வது 10 மில்லி ஆம்ப்ஸ் கருவி. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்குங்கள். விழவில்லையென்றால் கருவி கெட்டுவிட்டது.

யாருக்காவது கரண்டு அடித்தால் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயினை மூடுங்கள். மூச்சில்லை என்றால் 999-ஐக் கூப்பிட்டுவிட்டு நெஞ்சை அமுக்கத் தொடங்குங்கள். சுட்ட இடத்தில் 20 நிமிடம் பைப்புத் தண்ணீர் விடுங்கள். பற்பசை, கிச்சாப்பு எதுவும் பூச வேண்டாம். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே சதை வெந்திருக்கலாம், நெஞ்சுத் துடிப்பும் தடுமாறியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.